மும்பைக் கடலோரத்தின் அபூர்வ விருந்தாளிகள்

வாஷி ஸ்டேஷனை விட்டு ரயில் பாலத்தில் ஏறியதும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரியம் செய்வார்கள். வீட்டுப் பூஜையில் வாடிய பூவைப் பாலிதீன் பையோடு சேர்த்துத் தண்ணீரில் வீசுவார்கள். அல்லது விட்ட தூக்கத்தைத் தொடருவார்கள். நெருலில் குடியிருந்துகொண்டு கோட்டையில் உத்தியோகம் பார்த்த நான் இரண்டாவது ரகம். பாலத்தைக் கடக்க மூன்று நான்கு நிமிடங்கள் ஆகும். கடல் வற்றிய நேரமாக இருந்தால், ஜன்னலுக்கு வெளியே கறுப்புச் சேற்றின் மேல் சின்னச் சின்னதாக என்னவோ ஓடிக்கொண்டிருக்கும். அவை சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்தவை என்பது பல ஆண்டுகள் எனக்குத் தெரியாது. சக பயணிகளுக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம்.

பறவை பார்ப்பது என்றால் வேடந்தாங்கலுக்கோ பரத்பூருக்கோ போகவேண்டும் என்பது நம் எண்ணம். திருநெல்வேலி மாவட்டத்துக்காரனான எனக்குக் கூந்தன்குளம் தெரியும். அங்கே நாரைகள் வந்து கூடு கட்டினால் ஊருக்கு நல்லது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். வீட்டுக் கூரையில் எச்சம் விழுந்தாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட பக்கத்திலிருந்து வந்தவன், மும்பையில் காக்காயையும் புறாவையும் தவிர வேறு எதுவும் கிடையாது என்று தீர்மானித்து இருபது வருடம் ஓட்டிவிட்டேன். அந்தத் தீர்மானம் எவ்வளவு தவறு என்று காட்டியது ஒரு பெரிய பறவை அல்ல. 25 கிராம்கூட எடை இல்லாத ஒரு உள்ளான். அந்தக் கதைக்கு வருமுன் இந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நம் மெரினாவில் கடல் ஒரு நாளில் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் கடல் ஏற்றம், வற்றம் என்பதை நம் ஊர்க்காரர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை; மீனவர்களுக்கு மட்டும் அது தெரிந்திருக்கும். மும்பையில் கதையே வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே தண்ணீர் நாலரை மீட்டருக்கு மேல்கூட உயரும். ஆறு மணி நேரத்தில் அவ்வளவும் திரும்பப் போய்விடும். கோலி மீனவர்கள் ஏற்றத்தை ‘பர்தி’ என்றும், வற்றத்தை ‘ஓஹோட்டி’ என்றும் சொல்வார்கள். தானே கழிமுகம் மாதிரி சரிவே இல்லாத தட்டைக் கரையில் தண்ணீர் அவ்வளவு இறங்கினால் என்ன ஆகும்? கண்ணுக்கு எட்டியவரை சேறு திறந்துகொள்ளும். அந்தச் சேற்றில் புழு, சிறு நண்டு, நத்தை, இறால் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத பாசி என்று சாப்பாடு குவிந்து கிடக்கும். நமக்கு மூக்கைப் பிடிக்க வைக்கும் செவ்ரிச் சேறு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்குத் திருமண வீட்டுப் பந்தி.

செவ்ரி, மாகுல், ஐரோலி, பாண்டுப், நெருல், அக்கரையில் உரண், கடல் தாண்டினால் அலிபாக் பக்கத்து அக்ஷி — இந்த ஒரு துண்டுக் கடலோரத்தில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் பறவைகளின் வகைகளைப் பார்த்தால், லோக்கல் ரயிலில் போய்ப் பார்க்கக்கூடிய இடமா இது என்று ஆச்சரியமாக இருக்கும். வழக்கமாக வருகிறவை ஒரு பக்கம். வழி தவறியோ புயலில் சிக்கியோ எப்போதாவது ஒன்றிரண்டாகத் தலைகாட்டும் அபூர்வங்கள் இன்னொரு பக்கம். இந்த அபூர்வங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் ஒரு பறவை அபூர்வமா இல்லையா என்பதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது அந்தப் பறவையைவிடச் சுவாரசியமான விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது கதை. 2012 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குப் பள்ளியில் ஏதோ ப்ராஜெக்ட். பூநாரைகளைப் பார்த்து நான்கு பக்கம் எழுதவேண்டும். ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் வாங்கிய பழைய சலீம் அலி புத்தகம் ஒன்று, ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர் ஒன்று. இவற்றோடு செவ்ரி ஜெட்டிக்குப் போனோம். பூநாரைகள் தூரத்தில் நின்றன. தண்ணீர் ஏற ஏற, கரையோரச் சேற்றில் சின்ன உள்ளான்கள் நமக்கு அருகே தள்ளப்பட்டு வந்தன. எங்கள் ஊரில் குளத்தோரம் ஓடுகிற சின்னப் பறவை எல்லாமே உள்ளான்தான். அதற்குள் இத்தனை ஜாதி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அப்பா, அங்க பாருங்க. அதுக்கு மட்டும் மூக்கு நுனி பட்டையா இருக்கு” என்றாள் மகள்.

பார்த்தேன். பட்டையாகத்தான் இருந்தது. புத்தகத்தைப் புரட்டினேன். இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. கரண்டிமூக்கு உள்ளான்!

இந்தப் பறவையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குருவி அளவே உள்ள உள்ளான் இது. மூக்கு நுனி மட்டும் சின்னக் கரண்டி மாதிரி அகன்றிருக்கும். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோட்கா கடலோரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குளிருக்கு வங்காளதேசம், மியான்மர், தாய்லாந்துப் பக்கம் வந்து தங்கும். உலகம் முழுவதையும் சேர்த்தாலும் இப்போது எஞ்சியிருப்பவை சில நூறு என்கிறார்கள். நம் கோடியக்கரையிலும் 1980களில் இது பதிவாகியிருக்கிறது. அதாவது இது வங்காள விரிகுடாப் பக்கத்துப் பறவை. அரபிக் கடலோரத்தில், அதுவும் செவ்ரி ஜெட்டியில், பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்காகப் போனவன் கண்ணில் படுகிற பறவை அல்ல. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். நமக்கு லாட்டரி விழும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யார் சீட்டு வாங்குவார்கள்?

தாதரில் இருக்கும் ஒரு மராத்திப் பெரியவருக்குப் போன் போட்டேன். நாற்பது ஆண்டுகளாகப் பறவை பார்ப்பவர் அவர். அவர் “அப்படியா?” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் காலை, லீவு போட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் செவ்ரிக்கு வந்துவிட்டார்கள். முக்காலியில் பொருத்திய டெலஸ்கோப்புகள், நீள நீளமான காமெராக்கள்! நான் மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றேன். இரண்டு மணி நேரம் தேடினார்கள். கரண்டிமூக்கு இல்லை. அடுத்த நாளும் இல்லை.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. “நோட்டில் என்ன எழுதினீர்கள், காட்டுங்கள் சார்” என்றார். காட்டினேன். ‘கரண்டிமூக்கு’ என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். வேறு ஒன்றும் இல்லை. எத்தனை மணி, எவ்வளவு தூரம், சூரியன் எந்தப் பக்கம், கூட இருந்த பறவைகள் எவை, அது என்ன செய்துகொண்டிருந்தது — ஒன்றுமே எழுதவில்லை. பிறகு அவர் என் மகளின் ரஃப் நோட்டை வாங்கிப் பார்த்தார். அதில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: ‘கால் கறுப்பு. மற்ற குருவிகள் அளவுதான். மூக்கை அடிக்கடி தண்ணீரில் விட்டு உதறுகிறது.’

அவர் சிரித்துவிட்டார். உதறியதற்குக் காரணம், மூக்கு நுனியில் சேறு கட்டிக்கொண்டிருந்ததுதான். கொசு உள்ளான் என்று தமிழில் சொல்லும் மிகச் சாதாரணப் பறவை அது. ஈரச் சேற்றில் குத்தித் தின்னும்போது களிமண் உருண்டை ஒட்டிக்கொண்டால், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கரண்டி மாதிரியே தெரியும். உலகத்தில் பல இடங்களில் பல பேர் இதே மாதிரி ஏமாந்திருக்கிறார்களாம். அவர் சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. லீவு போட்டு வந்த பன்னிரண்டு பேரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அபூர்வப் பறவையைப் பார்த்தேன் என்று சொல்வது சாட்சி சொல்வது மாதிரி. கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதில்லையா? அதுபோல இங்கேயும் செய்வார்கள். மும்பையில் 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகை 1886-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. இந்த நாட்டில் எங்கே எந்தப் பறவை எப்போது தென்பட்டது என்ற குறிப்புகள் நூற்றாண்டுக்கும் மேலாக அதில் சேர்ந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டுத் தோலைப் பதம் செய்து கொண்டுவந்தால்தான் நம்புவார்கள். பிறகு வலையில் பிடித்து, காலில் அலுமினிய வளையம் மாட்டி, பறக்கவிடும் முறை வந்தது. அந்த வளையத்தில் எண்ணும், கண்டெடுத்தால் பம்பாய்க்குத் தெரிவிக்கச் சொல்லும் வாசகமும் பொறித்திருக்கும். எங்கேயோ ஒரு மீனவர் கண்டெடுத்த வளையம், தபாலில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்து, ஒரு பறவையின் பயணப் பாதையைச் சொல்லிவிடும். கோடியக்கரையில் இக்கழகத்தார் பல ஆண்டுகள் தங்கி இப்படி ஏராளமான பறவைகளுக்கு வளையம் மாட்டியிருக்கிறார்கள். நம் தஞ்சைக் கடலோரத்துக்கும் மும்பைக்கும் இப்படி ஓர் உறவு!

இப்போது எல்லார் கையிலும் காமெரா இருக்கிறது. ‘இ-பேர்ட்’ என்று ஓர் உலகப் பொதுப் பேரேடு இருக்கிறது. பார்த்ததை எல்லாம் தேதி, இடம், எண்ணிக்கையோடு அதில் பதிவு செய்யலாம். அந்த ஊரில் அந்த மாதத்தில் வரக்கூடாத பறவை ஒன்றைப் பதிந்தால், உடனே அது விவரம் கேட்கும். படம் உண்டா, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று அந்தந்தப் பகுதியின் அனுபவஸ்தர்கள் எழுதிக் கேட்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். ‘நான் கண்ணால் பார்த்தேன், இவன் யார் கேட்க?’ என்பார்கள். எனக்கு வராது. நான் சேற்றுருண்டையைக் கண்ணால் பார்த்தவன்.

நிஜமான அபூர்வங்கள் இந்தக் கரைக்கு வருவது பெரும்பாலும் மழைக்காலத்தில். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்போது, கரையையே பார்க்காமல் நடுக்கடலில் வாழும் பறவைகள் களைத்துப்போய் இந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன. காலை நடைக்குப் போகிறவர்கள் மணலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய வெள்ளைப் பறவையைப் பார்த்து, வாத்து என்றோ வழிதவறிய அன்னம் என்றோ நினைப்பார்கள். உடம்பு வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் மூக்கு, மூக்கைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. இதற்குப் பெயர் மாஸ்க்ட் பூபி. ‘பூபி’ என்பது ஸ்பானிய மொழியில் அசடு என்ற சொல்லிலிருந்து வந்தது. மனிதரைக் கண்டு பயப்படாமல் கப்பலில் வந்து உட்கார்ந்ததால் மாலுமிகள் வைத்த பெயர். உயரத்திலிருந்து அம்பு மாதிரி கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் பறவைக்கு அசடு என்று பெயர் வைத்தவர்களை என்னவென்று சொல்வது! ஆனால் தட்டை மணலில் காற்று இல்லாவிட்டால் அதனால் எளிதில் எழும்ப முடியாது. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் இறக்கை ஒடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

புகைக்கறுப்பு நிறத்து ஆலாக்களும் இப்படி ஒதுங்குவதுண்டு. ஆலா என்று நம் கடலோரத்தில் சொல்லும் பறவைக் குடும்பத்தில் இந்த வகை மட்டும் முட்டையிடும் காலம் தவிர மற்ற நேரமெல்லாம் கடலின் மேலேயே பறந்துகொண்டிருக்கும். லட்சத்தீவில் மனிதர் வசிக்காத பிட்டி என்ற மணல் திட்டு இவற்றின் பிரசவ வீடுகளில் ஒன்று. இன்னும் ஆச்சரியம் வேண்டுமா? வில்சன் புயற்பறவை என்று ஒன்று. மைனாவைவிடச் சின்னது. அண்டார்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் தொடங்கும்போது பூமத்திய ரேகையைத் தாண்டி அரபிக் கடலுக்கு வரும். நாம் மழைக்கு வீட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், நரிமன் முனைக்கு நேர் மேற்கே எங்கோ அலைமேல் அது காலால் தத்திக்கொண்டிருக்கும்.

இப்படி ஒரு கடற்பறவை கரையில் கிடந்தால் என்ன செய்வது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலோர் உடனே செய்வது அதன் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதுதான். கூடாது. தண்ணீர் மூச்சுக்குழலில் போய்ச் செத்துவிடும். பாலும் ரொட்டியும் வேண்டாம். ‘கடல் பறவைதானே, கடலில் விட்டுவிடுவோம்’ என்று தூக்கி எறிவதும் தவறு. அலையைத் தாங்காமல்தான் அது கரைக்கு வந்திருக்கிறது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, மூக்குக்குக் கவனமாக இருந்து, மெதுவாக உள்ளே வைத்து மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. பிறகு வனத்துறையின் உதவி எண் 1926-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகள் கூட்டமாக நின்று படம் எடுப்பது அப்புறம் இருக்கட்டும்.

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டாவுக்கோ மாண்ட்வாவுக்கோ படகில் போனவர்களுக்குக் கடற்காகங்களைச் சொல்லித்தரவேண்டியதில்லை. அக்டோபர், நவம்பரில் வந்து மார்ச், ஏப்ரல்வரை இருக்கும். திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் அவற்றில் உண்டு. ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனால், பத்து ரூபாய்க்கு காட்டியா பொட்டலம் வாங்கி வானத்தில் வீசி, அவை கவ்வுவதைப் பார்த்துக் கைதட்டுவது ஒரு சடங்காகிவிட்டது. எண்ணெயில் பொரித்த உப்புக் கடலைமாவு மீன் தின்னும் பறவைக்கு நல்லதல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே அதைக் கணக்காகத்தானே கொடுக்கிறோம்! வீசுவதற்குப் பதில் உற்றுப் பாருங்கள். நூறு சின்னக் கடற்காகங்களுக்கு நடுவே கனத்த மூக்கோடு பெரிதாக ஒன்று மிதந்தால், அது வேறு ஜாதி, பல்லாஸ் கடற்காகமாக இருக்கலாம். அபூர்வங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. வழக்கமானதை நன்றாகத் தெரிந்தவன் கண்ணில்தான் வழக்கமில்லாதது படும்.

இனி பூநாரைகள். இவற்றை அபூர்வம் என்று சொன்னால் நெருல்காரர்கள் சிரிப்பார்கள். சீவுட்ஸில் மாடிவீட்டுப் பால்கனியிலிருந்தே தெரிகின்றன. ஆனால் 1990களின் தொடக்கம்வரை செவ்ரியில் பூநாரைக் கூட்டம் கிடையாது. 1994 வாக்கில்தான் பெருங்கூட்டமாக வரத் தொடங்கின. அப்போது அது செய்தி. ‘செவ்ரியிலா? எண்ணெய்க் கப்பல் உடைக்கிற இடத்திலா?’ என்றவர்கள் உண்டு. பார்த்தவர்கள் எழுதிவைத்தார்கள், ஆண்டுதோறும் எண்ணினார்கள். 2019-ல் எண்ணியபோது தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலானவை கருஞ்சிவப்பு மூக்குள்ள சிறிய பூநாரைகள். மூக்கு இளஞ்சிவப்பாகவும் நுனி மட்டும் கறுப்பாகவும் இருந்தால் அது பெரிய பூநாரை.

சிறிய பூநாரைக்கு ஆகாரம் நீலப்பச்சைப் பாசி. மூக்கைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் பம்பு மாதிரி நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். அதன் நிறமே சாப்பாட்டில் உள்ள நிறப்பொருளால் வருவதுதான். குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். நகரத்துச் சாக்கடை கழிமுகத்தில் கலந்து பாசியைப் பெருக்கியதுதான் இவை இங்கே பெருகியதற்கு ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம் அழுக்கில் அவற்றின் அழகு! மழை தொடங்கும்போது கிளம்பிவிடும். எங்கே போகின்றன? குஜராத்தின் கட்ச் வளைகுடாவுக்கு அப்பால் ரண் உப்புவெளிகளில் இவை கூடு கட்டுவது முன்பே தெரியும். 2022-ல் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் தானே கழிமுகத்தில் ஆறு பூநாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். ஹுமாயூன் என்று பெயரிட்ட பறவை குஜராத்துக்குப் பறந்து போனதை இங்கே உட்கார்ந்தபடியே பார்க்க முடிந்தது.

அந்தக் குறிப்பேடுகளால் நடந்த நன்மை உண்டு. 2015-ல் தானே கழிமுகத்தில் ஏறக்குறைய 17 சதுர கிலோமீட்டர் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று. 2022-ல் ராம்சார் பட்டியலில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்ந்தது. எண்ணிவைத்தவர்கள் இல்லாவிட்டால், ‘அங்கே சேறுதானே இருக்கிறது?’ என்று முடித்திருப்பார்கள்.

ஆனாலும் மனதுக்கு நிம்மதி இல்லை. பூநாரை ஓதம் ஏறும்போது சேறு மூழ்கிவிடுவதால், ஓய்வெடுக்க வேறு ஆழமில்லாத நீர்நிலைகளுக்குப் போகவேண்டும். நவி மும்பையின் ஏரிகள், உரண் பக்கத்துச் சதுப்புகள் எல்லாம் அதற்குத்தான். அவற்றில் பல சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கின்றன. சில இடங்களில் மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள். சில இடங்களில் கடல்நீர் வந்துபோகும் வாய்க்கால் அடைபட்டு ஏரி வற்றியது. 2024 மே 20-ஆம் தேதி இரவு காட்கோபர் அருகே தரையிறங்க வந்துகொண்டிருந்த விமானத்தில் பூநாரைக் கூட்டம் மோதி, நாற்பது பறவைகள் வரை செத்து விழுந்தன. அவை வழக்கமான இடங்களிலிருந்து விரட்டப்பட்டதால்தான் அந்த இரவில் பறந்தனவா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. நவி மும்பையில் 2025-ல் புதிய விமான நிலையமும் திறந்தாயிற்று. ஓய்வெடுக்கும் ஏரிகளை ஒழுங்காக வைத்திருப்பது இப்போது பறவைகளின் பிரச்சினை மட்டும் இல்லை.

கொரியாவில் நடந்ததை இங்கே நினைத்துப்பார்க்கவேண்டும். அங்கே சேமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்சுவர் எழுப்பி, 2006-ல் அந்தப் பிரம்மாண்டமான சேற்றுவெளியை அடைத்தார்கள். கிரேட் நாட் என்னும் பெரிய உள்ளான் வகை வடக்கே போகும் வழியில் இறங்கித் தின்று தெம்பு ஏற்றிக்கொள்ளும் சத்திரம் அது. சத்திரத்தை மூடியதும் அந்தப் பறவைகள் பக்கத்து ஊருக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவில் எண்ணியபோது எண்ணிக்கை விழுந்துவிட்டது தெரிந்தது. இன்று அது உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவைப் பட்டியலில் இருக்கிறது. மும்பைக் கடலோரத்திலும் அக்ஷியிலும் ஒன்றிரண்டாக அது தென்பட்டால் இங்கே எல்லோரும் ஓடுகிறோம். எங்கோ ஒரு சுவர் எழும்பியதால் அபூர்வமான பறவை.

நம் செவ்ரிச் சேற்றுக்கு வருகிற வளைமூக்கு உள்ளான் இருக்கிறதே, இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. மூக்கு நுனி கீழ்நோக்கி லேசாக வளைந்திருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் வந்திறங்கும். ஏப்ரல், மே மாதம் திரும்புமுன் சிலது செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். சைபீரியாவின் வடகோடியில் பிறந்தது. கூட்டம் கூட்டமாக ஓடும். இவ்வளவு சாதாரணமான பறவையை 2024-ல் உலகச் சிவப்புப் பட்டியலில் ‘பாதிப்புக்குள்ளாகக்கூடியது’ என்ற நிலைக்கு மாற்றிவிட்டார்கள். கோடியக்கரையிலும் 1980களில் வளையம் மாட்டியபோது இருந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் சின்ன உள்ளான்கள் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிகிறது. முன்பு எண்ணிவைத்திருந்ததால்தான் குறைந்ததே தெரியவந்தது. என் மகளின் நோட்டைப் பார்த்துவிட்டு அந்த மராத்திப் பெரியவர் அன்று சொன்னது இதுதான்: “கரண்டிமூக்கு கிடைக்காவிட்டால் போகட்டும். அன்றைக்கு எத்தனை கொசு உள்ளான் இருந்தது என்று எழுதியிருக்கலாமே!”

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஹார்பர் லைனில் செவ்ரியில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தால் ஜெட்டி. 2024-ல் திறந்த அடல் சேது அங்கிருந்துதான் புறப்படுகிறது. செவ்ரியில் சேற்றின் மேல் கண்டல் செடி பரவியதால் முன்போல நெருக்கமாகப் பூநாரை கிடைப்பதில்லை. ஐரோலியில் வனத்துறையின் மையத்திலிருந்து படகில் போனால் நன்றாகப் பார்க்கலாம். எங்கே போனாலும் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் போகாதீர்கள். அதற்கு நம் வீட்டுத் தமிழ்க் காலண்டரே போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று ஏற்றத்தின் உச்சம் ஏறக்குறைய நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள். அதற்கடுத்து நாளுக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமிக்குக் காலை ஆறு, மாலை ஆறு பக்கம் வந்துவிடும். உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்போ பின்போ போய் நில்லுங்கள். முழு ஏற்றத்தில் சேறே இருக்காது. முழு வற்றத்தில் பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். அஷ்டமியில் நல்ல காரியம் செய்யமாட்டோம் என்பவர்கள்கூட இந்தக் காரியத்துக்கு விதிவிலக்குக் கொடுக்கலாம். அன்றைக்குக் காலை எட்டரை மணி அருமையான நேரம்.

நோட்டில் எழுதவேண்டியவை: தேதி, மணி, இடம், தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா, வெயில் எந்தப் பக்கம். பெயர் தெரியாத பறவையானால் பெயரைக் கடைசியில் தேடுங்கள். முதலில் எந்தத் தெரிந்த பறவை அளவு, கால் நிறம், மூக்கின் நீளமும் வளைவும், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைக்கோடு உண்டா, என்ன செய்கிறது என்பதை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். தெரிந்த பறவை என்றால் எண்ணிக்கை போடுங்கள்.

தமிழ்நாட்டில் 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாட்கள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. என் மகள் திருமணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன பொங்கலன்று காலையில் போன் செய்தாள். வாழ்த்துத்தான் சொல்லப்போகிறாள் என்று எடுத்தால், “அப்பா, உக்கடம் குளத்துல உள்ளான் நிறைய இருக்கு. எண்ணிட்டேன். நீங்க செவ்ரி போனீங்களா?” என்றாள். பொங்கல் பானையை இறக்கும் நேரம். என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்து, மாலையில் போகிறேன் என்றேன். மாலையில் போனேன். வளைமூக்கு உள்ளான் 140, கொசு உள்ளான் 60 போல. மூக்கில் சேறு ஒட்டியது ஒன்று.